ஆம்ப் கடைசியில்தான்: கடலூர், பாண்டி வீடுகளுக்கு முதல் வால்வு ஆம்ப்ளிஃபையர்

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். ஒரு வால்வு ஆம்ப் வாங்கி, அது இரைச்சல் இல்லாமல் ஒழுங்காகப் பாட எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் நான்கு மாதம் வீண். காரணம், ஆம்பை முதலில் வாங்கிவிட்டு மற்றதையெல்லாம் அப்புறம் யோசித்தேன். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் ஸ்பீக்கர், அடுத்து சுவரில் இருக்கும் பிளக், அதற்கப்புறம்தான் ஆம்ப். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வால்வு என்பது பழைய ரேடியோவுக்குள் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழல்; டிரான்சிஸ்டர் செய்யும் வேலையை அது செய்கிறது. வால்வு, டியூப் இரண்டும் ஒன்றுதான். பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் "வால்வு" என்றால் உடனே புரியும். ஆன்லைன் கடையில் தேட "டியூப்" என்று போட வேண்டும். கையில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க நினைப்பவருக்கு இந்தக் குறிப்பு போதும். ஒன்றிரண்டு லட்சம் செலவு செய்ய முடிகிறவர்கள் சென்னைக்குப் போய் நல்ல கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

1. ஸ்பீக்கரைத் திருப்பி முதுகைப் பாருங்கள்

ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில், அல்லது அதோடு வந்த கையேட்டில், இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), இன்னொன்று சென்சிடிவிட்டி. இரண்டாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

சென்சிடிவிட்டி 88 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். இதில் மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். ஆறு டெசிபலுக்கு நான்கு மடங்கு. பத்துக்குப் பத்து மடங்கு. என்னிடம் இருந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 84 டெசிபல். அதற்கு 20 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 5 வாட்டிலேயே வந்துவிடும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பில் 50 வாட் மலிவாகக் கிடைப்பதால் இது நமக்கு உறைப்பதில்லை. வால்வில் ஒவ்வொரு வாட்டுக்கும் காசு கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னத் தந்திரம் உண்டு. சில கம்பெனிகள் சென்சிடிவிட்டியை "2.83 வோல்ட்டில்" என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். ஆனால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட் ஆகிவிடும். அதனால் 4 ஓம் பெட்டியில் "89" என்று போட்டிருந்தால் மனதுக்குள் மூன்றைக் கழித்து 86 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது: ஸ்பீக்கர் 90-க்கு மேல் இருந்தால் சின்ன ஆம்ப் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். 87 முதல் 89 என்றால் 10 வாட்டாவது வேண்டும். 85-க்குக் கீழே என்றால், முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள். இல்லையென்றால் வால்வு ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். பொதுவாகத் தரையில் நிற்கும் உயரமான பெட்டிகளுக்கும் பெரிய உஃபர் உள்ள பழைய பெட்டிகளுக்கும் சென்சிடிவிட்டி கூடுதல். பழைய பெட்டி என்றால் கோனைச் சுற்றியிருக்கும் பஞ்சு வளையத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் அது பொடிந்துபோயிருக்கும். ரப்பர் அல்லது துணி வளையமாக இருந்தால் பிழைத்தது.

2. எத்தனை வாட்? உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அளங்கள்

போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்குங்கள். துல்லியமாக இருக்காது, நமக்கு இது போதும். இப்போது இருக்கும் ஏதாவது செட்டில், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஒரு பாட்டைப் போட்டு, உட்காரும் இடத்திலிருந்து அளங்கள். எங்கள் ஹாலில், 12-க்கு 14 அடி, எனக்கு வந்தது 70 முதல் 75. அதற்கு மேல் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்.

ஆனால் 75 என்பது சராசரிதான். தவிலில் ஒரு அடி விழும்போது அது அந்தக் கணத்துக்கு 15 டெசிபல் எகிறும். அந்தக் கணத்தில் ஆம்பிடம் தெம்பு இல்லையென்றால் அடி அமுங்கி, பஞ்சில் குத்தியதுபோலக் கேட்கும். ஆகவே நாற்காலியில் 90 டெசிபல் எட்ட வேண்டும் என்று கணக்கு வையுங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு, இரண்டரை மீட்டர் தூரம் என்றால் 5 வாட்டில் இழுபறியாக எட்டும், 10 வாட்டில் தாராளமாக எட்டும். வாட் என்று சொல்லும்போது பெட்டியில் கொட்டை எழுத்தில் ஊதிக் காட்டும் பிஎம்பிஓ கணக்கைச் சொல்லவில்லை. அதை மறந்துவிடுங்கள்.

3. எரிகிற பல்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

என் 7,800 ரூபாய் போனது இங்கேதான். கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி, மேலே இரண்டு குட்டி வால்வு, ஆரஞ்சு வெளிச்சம், "டியூப் ஆம்ப்ளிஃபையர், 100 வாட் + 100 வாட்" என்று விளம்பரம். வந்ததும் கையில் எடுத்தேன், காலி டிபன் பாக்ஸ் போல இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அது ஹைப்ரிட். முன்னால் 6ஜே1 மாதிரி ஒரு சின்ன வால்வு பேருக்கு இருக்கும்; ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளே இருக்கும் டிபிஏ3116 போன்ற ஒரு சிப். அது கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. சின்ன அறைக்கு, கம்ப்யூட்டர் மேசைக்கு நன்றாகவே பாடும். ஆனால் நீங்கள் தேடிப் போன பொருள் அது இல்லை. முழு வால்வு ஆம்பை அடையாளம் காண நான் இப்போது பார்ப்பவை:

எடை. ஸ்டீரியோ வால்வு ஆம்பில் மூன்று இரும்புக் கட்டி இருந்தாக வேண்டும்: கரண்டுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு சேனலுக்கும் ஆளுக்கொரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அதனால் சின்ன செட்டே ஏழெட்டுக் கிலோ வரும். விளம்பரத்தில் எடை ஒன்று, ஒன்றரைக் கிலோ என்று இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

கரண்ட் எப்படி வருகிறது. லேப்டாப்புக்கு வருவதுபோல 19 வோல்ட், 24 வோல்ட் அடாப்டர் தனியாக வந்தால் அது ஹைப்ரிட். முழு வால்வு ஆம்புக்கு நேராகச் சுவரிலிருந்து மூன்று பின் ஒயர் போகும்.

ஸ்பீக்கர் முனைகள். பின்னால் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி முனை இருந்தால் பெரும்பாலும் உள்ளே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

வெளிச்சம். சுவிட்சைப் போட்ட அந்த நொடியே வால்வு பளிச்சென்று எரிந்தால், அதன் அடியில் எல்இடி வைத்திருக்கிறார்கள். உண்மையான ஹீட்டர், அதாவது வால்வுக்குள் சூடேறும் இழை, மெதுவாகச் சிவக்கும். பகலில் பார்த்தால் எரிகிறதா என்றே சந்தேகமாக இருக்கும்.

இன்னொரு பொறி நம் பக்கத்துக்கே உரியது. மைக் செட் கடைகளின் பரணில் பழைய வால்வு ஆம்ப் கிடக்கும். "திருவிழாவுக்கெல்லாம் ஓடிய செட், மூவாயிரம் கொடுங்க" என்பார்கள். அது மோனோ, ஸ்டீரியோவுக்கு ஒரே மாதிரி இரண்டு வேண்டும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் தெரு நீளத்துக்குக் கம்பி இழுத்துக் குழாய் ஸ்பீக்கர் ஓட்டச் சுற்றியது, வீட்டு 8 ஓம் பெட்டிக்கு அல்ல. கெபாசிட்டரெல்லாம் காய்ந்திருக்கும். சால்டரிங் தெரிந்தவருக்கு அது நல்ல வேட்டை. முதல் ஆம்பாக வேண்டவே வேண்டாம்.

4. எந்த வால்வு?

இந்த விலையில் நீங்கள் சந்திக்கப்போகும் பெயர்கள் கொஞ்சம்தான். சேனலுக்கு ஒரே பவர் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு) இருந்தால் சிங்கிள் எண்டட், இரண்டு இருந்தால் பெரும்பாலும் புஷ்‌புல். 6வி6 அல்லது ஈஎல்84 ஒற்றையாக இருந்தால் ஏறக்குறைய 4, 5 வாட். ஈஎல்34 ஒற்றையாக 6 முதல் 10. ஈஎல்84 புஷ்‌புல் 10 வாட்டுக்குக் குறையாது. ஈஎல்34 புஷ்‌புல் 30 வாட்டைத் தாண்டும், விலையும் தாண்டும். 300பி என்று பெரிய பல்பு மாதிரி ஒன்று இருக்கும், பார்க்கவே அழகு. அதற்கும் ஒற்றையில் 8 வாட்தான், ஆனால் வால்வை மாற்ற நேர்ந்தால் கையைக் கடிக்கும்.

சாதாரண 88 டெசிபல் பெட்டி வைத்திருப்பவருக்கு நான் கை காட்டுவது ஈஎல்84 புஷ்‌புல். வால்வு மலிவு, எங்கும் கிடைக்கும், வாட் போதும், சூடும் மட்டு.

பயாஸ், அதாவது பாட்டு ஓடாதபோது பவர் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்ற அமைப்பு, பற்றி ஒன்றே ஒன்று. ஆட்டோ பயாஸ் என்றால் வால்வு மாற்றும்போது எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டாம். ஃபிக்ஸட் பயாஸ் என்றால் மீட்டர் வைத்து அளந்து திருக வேண்டும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கை போகலாம். முதல் ஆம்ப் ஆட்டோ பயாஸாக இருக்கட்டும்.

ரிமோட், ப்ளூடூத் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இசைத்தட்டு சுழற்றுகிறவர் ஃபோனோ இன்புட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்காது, அதற்குத் தனிப் பெட்டி வேண்டும்.

5. வீட்டுக் கரண்ட்: இதைச் சரிசெய்யாமல் ஆம்ப் வாங்காதீர்கள்

முதலில் வோல்டேஜ். மூன்று நாள், மாலை ஏழு மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் அளந்து எழுதி வையுங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாவிட்டால் பிளக்கில் செருகும் டிஜிட்டல் வோல்ட் மீட்டர் கிடைக்கிறது, அது போதும். எங்கள் வீட்டில் மாலை 222, நள்ளிரவு 241. சீனாவிலிருந்து வரும் செட்டுகள் 220 வோல்ட்டுக்குச் சுற்றியவை. அதை 240-ல் ஓட்டினால் 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டருக்கு 6.9 போகும்; வால்வுகள் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும் பத்து சதவீதத்தின் விளிம்பு அது. வால்வு சாகாது, ஆயுள் குறையும். அதனால் 230 அல்லது 240 வோல்ட்டுக்கு மாற்ற வசதி உள்ள செட்டுக்கு என் ஓட்டு. இல்லையென்றால் ஸ்டெபிலைசர். ரிலே வகை ஸ்டெபிலைசர் பாட்டின் நடுவே "டிக்" என்று அடிக்கும், அதைப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும். கரண்ட் போனால் ஆம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்; வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் போடுங்கள். கரண்ட் வந்து வந்து போகிற நேரம்தான் வால்வுக்கு ஆகாத நேரம்.

அப்புறம் எர்த். வால்வு ஆம்புக்கு எர்த் என்பது இரைச்சலுக்காக மட்டும் அல்ல, உயிருக்காக. என் செட்டில் "ம்ம்ம்" என்று ஒரு ஹம் வந்துகொண்டே இருந்தது. வால்வை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார்: மூன்று ஓட்டை பிளக்கில் எர்த் ஓட்டைக்கு ஒயரே இல்லை. தோட்டத்து எர்த் குழியும் பேருக்குத்தான். கடற்கரை மணல் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பிடிக்காது. குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புதுக் குழாய் இறக்கி, தண்ணீர் விட்டார். 2,600 ரூபாய், அரை நாள். ஹம் முக்கால்வாசி போய்விட்டது.

மீதிக் கால்வாசி டிவி கேபிளால் வந்தது. டிவியையும் ஆம்பையும் இணைத்தால் கேபிள் ஒயரின் வெளிச் சுற்று வழியாக இன்னொரு எர்த் பாதை உருவாகிவிடும். கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் நின்றால் குற்றவாளி அதுதான். டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் வழியாக ஒரு சின்ன டிஏசிக்கு (டிஜிட்டலை ஆம்புக்குப் புரியும் சிக்னலாக மாற்றும் பெட்டி) எடுத்து, அங்கிருந்து ஆம்புக்குக் கொடுத்தால் தீர்ந்தது. "எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும்" என்று யாராவது சொல்வார்கள். போகும், ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு ஒயர் ஆம்பின் இரும்பு உடம்பைத் தொட்டால் நீங்களும் போய்விடுவீர்கள். செய்யாதீர்கள்.

6. எங்கே வாங்குவது, என்னென்ன காகிதம்

மூன்று வழி.

ஒன்று, இந்தியாவிலேயே கையால் செய்து தருபவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு செய்வார்கள், வாரக்கணக்கில் ஆகும். கேட்க வேண்டியவை: டிரான்ஸ்ஃபார்மர் யார் சுற்றியது, எத்தனை வோல்ட்டுக்கு, சர்க்யூட் வரைபடம் தருவாரா, பழுதானால் பார்சல் செலவு யாருடையது. வரைபடம் தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பத்து வருடம் கழித்து நம்மூர் மெக்கானிக் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு, வெளிநாட்டிலிருந்து. சீனாவின் அலிஎக்ஸ்பிரஸ் தளம் 2020 நவம்பரில் இந்தியாவில் தடையானது. மற்ற தளங்களும் நேரடியாக அனுப்பும் விற்பனையாளர்களும் உண்டு. செலவைக் கணக்கிடும்போது எல்லோரும் சறுக்கும் இடம்: சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கப்பல் அல்லது விமானக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. அதன் மேல் ஜிஎஸ்டி. அதற்கும் மேல் கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணம். பன்னிரண்டு கிலோ இரும்புக்கு விமானக் கட்டணமே பெரிய தொகை, அதற்கும் வரி என்றால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். ஆர்டர் போடும் முன் அந்தக் கூரியரையே கேட்டு, அன்றைய வரி விகிதத்தை எழுதி வாங்குங்கள்.

காகிதங்கள்: உண்மையான விலை போட்ட இன்வாய்ஸ், நீங்கள் பணம் கட்டியதற்கான வங்கி அல்லது கார்டு விவரம், ஆதார், பான். ஆதாரில் உள்ள முகவரியும் பார்சல் முகவரியும் ஒன்றாக இருந்தால் ஒரு தலைவலி மிச்சம். கூரியரிலிருந்து கேஒய்சி கேட்டு எஸ்எம்எஸ் வரும். அதை மோசடி என்று நினைத்து ஒதுக்கிவிட்டால் பார்சல் சென்னையில் கிடக்கும், கிடக்கும் நாளுக்கும் வாடகை ஏறும். எஸ்எம்எஸ்ஸில் உள்ள லிங்கை அமுக்காமல், கூரியரின் தளத்தில் நீங்களே பார்சல் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்.

"விலையைக் குறைத்துப் போடட்டுமா, பரிசு என்று எழுதட்டுமா" என்று விற்பவர் அன்பாகக் கேட்பார். வேண்டாம். 5,000 ரூபாய் வரையான பரிசுக்கு முன்பு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது. குறைத்துக் காட்டினால் அபராதம். கண்ணாடி உடைந்து வந்தால் காப்பீடும் அந்தக் குறைத்த விலைக்குத்தான்.

வோல்டேஜை ஆர்டரிலேயே எழுத்தில் கேளுங்கள். நெய்வேலியில் இருக்கும் நண்பர் ஒருவர் அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட, 110 வோல்ட் செட் வந்து இறங்கியது. திருப்பி அனுப்பும் செலவு ஆம்பில் பாதி. தனியாக ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, ஆம்புக்குப் பக்கத்தில் இன்னொரு இரும்புக் கட்டியாக வைத்திருக்கிறார். ஆர்டர் போட்டது முதல் கையில் வந்தது வரை அவருக்கு 33 நாள்.

மூன்று, பழையது. நான் கடைசியில் வாங்கியது இப்படித்தான், பாண்டியில் ஊரை விட்டுக் கிளம்பிய ஒருவரிடம். பாண்டியும் ஆரோவில் சுற்றுப்புறமும் இதற்குத் தோதான இடம். வெளிநாட்டிலிருந்து வந்து சில வருடம் தங்கி, திரும்பும்போது நல்ல செட்டுகளை விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: நான் ஒன்பது ஞாயிறு அலைந்தேன். இரண்டு ரேடியோ வால்வும் ஒரு நல்ல பித்தளைக் குத்துவிளக்கும் கிடைத்தன.

பழையதிலும் காகிதம் கேளுங்கள்: வாங்கிய பில், அல்லது சீரியல் எண் தெரியும் படம், விற்பவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. இது சும்மா சம்பிரதாயம் என்று நினைத்தேன். பாண்டியிலிருந்து கனமான அட்டைப் பெட்டியோடு கடலூருக்கு வந்தால் எங்கே கையைக் காட்டி நிறுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "உள்ளே என்ன, பாட்டிலா?" என்றார் காவலர். கண்ணாடிதான் சார், ஆனால் குடிக்க முடியாது என்றேன். பிரித்துக் காட்டி, சீட்டைக் காட்டி, பத்து நிமிடத்தில் விட்டார்கள்.

7. பழைய செட்டைப் பார்க்கப் போகும்போது

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஆன் செய்ய வேண்டாம்." குறைகள் குளிர்ந்த செட்டில்தான் வெளிப்படும். கொண்டுபோக வேண்டியவை: நீங்கள் நன்றாக அறிந்த நாலைந்து பாட்டு உள்ள போன், போனிலிருந்து ஆர்சிஏவுக்கு (ஆம்பின் பின்னால் இருக்கும் வட்ட இன்புட் முனை) ஒயர், டார்ச், ரப்பர் வைத்த பென்சில். ஒரு மணி நேரமாவது ஓடவிடச் சம்மதம் வாங்குங்கள். பத்து நிமிடத்தில் காட்டிவிட்டு அணைக்கிறவரிடம் ஏதோ இருக்கிறது.

ஆன் செய்யும் முன் டார்ச் அடித்து வால்வின் தலையை, சிலவற்றில் பக்கவாட்டை, பாருங்கள். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. டிரான்ஸ்ஃபார்மரிடம் மூக்கை வைத்துப் பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வால்வு போனால் மாற்றலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால் பாதி ஆம்ப் போனது.

ஆன் செய்த பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பவர் வால்வின் உள் தகடுகளைக் கவனியுங்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சாக எரிவது சரி. கண்ணாடியில் ஊதாநிற ஒளி படர்வதும் பெரும்பாலும் சரி. வெளியே இருக்கும் சாம்பல்நிறத் தகடு சிவந்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கரிலிருந்து ஓர் அடி தள்ளிக் காதைக் கொடுங்கள். லேசான ஹம் இருக்கும். உட்காரும் இடத்திலும் கேட்டால் காரணம் கேளுங்கள். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் அது சின்ன வேலை, விலையில் குறைக்கலாம். பென்சிலின் ரப்பர் முனையால் சின்ன வால்வுகளை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்ததுபோல நீண்டு ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். ஒரு சேனல் மட்டும் அமுங்கியிருந்தால், அணைத்து, ஆறவிட்டு, இடது வலது வால்வுகளை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். குறையும் இடம் மாறினால் வால்வு. மாறாமல் அங்கேயே நின்றால் உள்ளே வேலை இருக்கிறது.

கொண்டுவரும்போது வால்வுகளைக் கழற்றி, எது எந்தக் குழி என்று எண் எழுதி, தனித்தனியே துணியில் சுற்றி மடியில் வையுங்கள். பஸ் வேண்டாம். 22 கிலோமீட்டர்தான், ஒரு கார் பிடியுங்கள்.

8. என் கணக்கு

ஆம்ப், ஈஎல்84 புஷ்‌புல், பழையது: 32,000.
புது ஈஎல்84 நான்கு, ஜோடி பொருத்தியது: 6,800.
எர்த் வேலை: 2,600.
மெக்கானிக், வோல்டேஜை 240-க்கு மாற்றி ஒருமுறை உள்ளே பார்த்ததற்கு: 500. காபி வாங்கிக் கொடுத்தது தனி.
கார்: 900.

இதுவரை 42,800. இதோடு, 84 டெசிபல் பெட்டியை 9,000-க்கு விற்று 90 டெசிபல் பழைய ஜோடியை 16,000-க்கு வாங்கியதில் 7,000. ஹைப்ரிட் பொம்மையை 4,500-க்குத் தள்ளிவிட்டதில் நட்டம் 3,300. மொத்தம் 53,100. அந்த ஹைப்ரிட் நட்டம் உங்களுக்கு வேண்டாம்.

பட்ஜெட் போடும்போது ஆம்பின் விலைக்கு மேல் கால் பங்கை இந்த மாதிரிச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். மின்சாரம் பெரிய விஷயம் இல்லை: என் செட் 90 வாட் இழுக்கிறது, தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 16 யூனிட். பவர் வால்வுகள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம் வரும். இப்படிக் கேட்டால் இரண்டு வருடத்திலிருந்து நான்கு வருடம். சின்ன வால்வுகள் அதைவிடப் பல மடங்கு உழைக்கும், அவற்றுக்கு இப்போதே ஸ்பேர் வாங்கி அடுக்க வேண்டாம். மாற்ற வேண்டியபோது ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யத் தயாரிப்புகள், சீனத் தயாரிப்புகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கும். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் செய்த "பெல்" வால்வுகளைச் சிலர் பொக்கிஷம் என்று விற்பார்கள். டெஸ்டரில் போட்டுக் காட்டினால் வாங்குங்கள், அட்டைப் பெட்டியை மட்டும் காட்டினால் வேண்டாம்.

9. முதல் நாள்

ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் இது பரவாயில்லை. வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம். 8 ஓம் பெட்டியை 8 ஓம் முனையில், 4 ஓம் பெட்டியை 4 ஓம் முனையில் மாட்டுங்கள். பெட்டியில் "4 முதல் 8" என்று குழப்பியிருந்தால் இரண்டிலும் கேட்டுப் பார்த்து, எது பிடிக்கிறதோ அதில் விடுங்கள், ஒன்றும் ஆகாது.

பழைய செட்டை முதல் முறை உயிர்ப்பிக்கும்போது நம்மூர் டிவி மெக்கானிக் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு போர்டு வழியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, ஆம்ப் பிழைக்கும். ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே ஸ்லோ ப்ளோ வகைதான் போட வேண்டும். கம்பி சுற்றுகிற பழக்கம் இங்கே கூடாது.

அடித் தகட்டைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் காத்திருக்கும்.

10. கடற்காற்றும் பல்லியும்

மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைக்காதீர்கள். மேலே ஒரு முழம் திறந்திருக்க வேண்டும். வால்வைத் தொட்டால் கொப்புளம்தான்; குழந்தை இருக்கும் வீட்டில் மேலே மூடும் கூண்டு உள்ள செட்டாகப் பாருங்கள். தரையோடு தரையாகவும் வேண்டாம். நம் ஊரில் மழைக்காலத்தில் ஹாலுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும், அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள்.

தேவனாம்பட்டினம் பக்கமோ பாண்டி கடற்கரைத் தெருக்களிலோ வீடு என்றால் உப்பு ஒரு நிரந்தர விருந்தாளி. வால்வின் பின்கள் மங்கும், சாக்கெட்டில் பிடிமானம் விடும், பாட்டு விட்டு விட்டு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கி, முழுதாக ஆறிய பிறகு, ஒவ்வொரு வால்வாகக் கழற்றி, பஞ்சில் கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பின்களைத் துடைத்து, அதே குழியில் போடுங்கள். நேராக மேலே இழுக்க வேண்டும், ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் கண்ணாடி விரியும். ஓடாத நேரத்தில், ஆறிய பிறகு, ஒரு பருத்தித் துணியால் மூடி வையுங்கள்.

பல்லிக்கு வெதுவெதுப்பான டிரான்ஸ்ஃபார்மர் ரொம்பப் பிடிக்கும். மார்கழியில் ஒருநாள் "பட்" என்று சத்தம், ஃபியூஸ் போனது. திறந்து பார்த்த மெக்கானிக் ஒரு வாலைக் கையில் எடுத்துக் காட்டினார். இப்போது அடித் தகட்டின் காற்று ஓட்டைகளுக்கு உள்பக்கமாகக் கொசு வலை ஒட்டியிருக்கிறது, நைலான் அல்ல, அலுமினியம். முதல் சர்வீஸுக்குப் போகும்போதே அதையும் ஒட்டித் தரச் சொல்லிவிடுங்கள்.